இடது பக்கத்து ஆறு

சித்தப்பா சர்ச்சுக்குள் செருப்போடு உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் வாசற்படியில் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள், போதகர் கம் கூடத் தன் கறுப்பு ஷூவைக் கழற்றி ஜன்னலுக்குக் கீழே ஜோடியாக வைத்திருக்கிறார், இந்த மனிதர் மட்டும் ரப்பர் செருப்பின் பின்வாரை இழுத்து மாட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில், கதவை ஒட்டி. ஓடத் தயாராக இருக்கிறவன்தான் கதவை ஒட்டி உட்காருவான். நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை, நேராக முன்னால் பார்க்கிறார், முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அம்மா. சித்தப்பா ஞானஸ்நானம் வாங்காதவர். மலையில் அவருடைய ஊரில் இன்னும் கோழி அறுத்து ஆவிகளுக்குப் படைக்கிற வீடுகள் இருந்தன, சண்டை வந்து ஊர் காலியானதும் மழைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தவர், வந்ததிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இன்றைக்கு என்ன? அம்மா பெண்கள் சங்கத் தலைவி, இன்றைக்குப் பெண்கள் ஞாயிறு, நீண்ட ஜெபம் அவளுடையது. அதுவும் அவள் முறை இல்லை. போன வாரம் எங்கள் வீட்டுச் சமையல் கொட்டகையில் நின்று வேறு ஒருத்தியோடு மாற்றிக்கொண்டாள், "எனக்கு இந்த ஞாயிறே வேணும்"னு கெஞ்சினாள், நான் கேட்டேன். எங்கள் அம்மா யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. பக்கத்தில் நாங் பான் முழங்கையால் என்னை இடிக்கிறாள். சந்தையில் மீன் விற்கிறவள், குளித்துவிட்டு வந்தாலும் மீன். "ரோய், உங்க சித்தப்பா ரட்சிக்கப்பட்டுட்டாரா?" என்கிறாள் பாட்டுக்கு நடுவில். "தெரியாது." "இல்ல வேற யாரையாவது ரட்சிக்க வந்திருக்காரா?" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்குகிறாள். எனக்குத் தெரியாமல் இல்லை, பேட்டை முழுக்க இதே பேச்சு. நான்தான் கடைசியாகப் புரிந்துகொண்டவள்.

எங்கள் மலைச்சனத்தின் வழக்கம் அப்படி. அண்ணன் செத்தால் தம்பி அண்ணியை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்வது என்றுதான் சொல்வது, ஏதோ கொடியிலிருந்து துணி எடுக்கிற மாதிரி. எருமையும் கோங்கு என்கிற வெண்கலத் தட்டுமணியும் கொடுத்துக் கூட்டிவந்த பெண், அவள் அந்த வீட்டுக்காரி, ஆள் செத்துப்போனாலும் வீடு சாகவில்லை இல்லையா, அதனால் வீட்டிலிருக்கிற அடுத்தவன். சர்ச் வந்து எத்தனையோ போயிற்று, கோழி போயிற்று, பலி கொடுக்கிற மேடை போயிற்று, சோற்றுக் கள் ஒளிந்துகொண்டது, இந்த ஒன்று மட்டும் போகவில்லை, போதகரே இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இருமிக்கொள்கிறார். அப்பா செத்து ஒரு மழைக்காலம் ஆகிறது. பாக்கானில், பச்சைக்கல் சுரங்கத்தில், சுரங்கத்தில்கூட இல்லை, கம்பெனிக்காரர்கள் கொட்டுகிற கழிவு மண்மேட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், மேடு சரிந்தது. உடல் கிடைக்கவில்லை. இங்கே ஒரு போட்டோவை வைத்துப் பாடினார்கள், போட்டோவில் அப்பா வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார், ஒரு கன்னம் மட்டும் வீங்கினாற்போல. பெட்டியில் அவருடைய கைலி இருந்தது. பச்சையும் ஊதாவும் கட்டம் போட்டது, திருவிழாவுக்கு மட்டும் உடுத்துவார். நான் அடிக்கடி பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன், சொல்வதற்கென்ன வெட்கம், முகர்ந்துதான் பார்ப்பேன். வியாழக்கிழமை திறந்தேன், காணோம். அம்மாவிடம் கேட்டேன். "பூச்சி அரிச்சிருச்சு" என்றாள். பூச்சி அரித்தால் துணியில் ஓட்டை விழும், துணியே எழுந்து போகாது. எடுத்துச் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டாளா? செத்தவன் துணியைத் தம்பிக்குக் கொடுத்தால் அதற்கு அர்த்தம் என்ன என்று நாங் பானுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தெருவில் படுத்திருக்கிற நாய்க்கும் தெரியும்.

இன்னும் இருக்கிறது. சமையல் கொட்டகைக்குப் பின்னால் நான் பாத்திரம் கழுவுகிற இடம், தடுப்பு வெறும் மூங்கில், உள்ளே பேசினால் வெளியே கேட்கும். சாயங்காலம் விறகு போடுகிற சாக்கில் சித்தப்பா உள்ளே போவார். இரண்டு பேரும் மெதுவாகப் பேசுவார்கள். ஒரு நாள் இல்லை, தினமும், அதே பேச்சு, அம்மா பாடம் ஒப்பிக்கிற மாதிரி திருப்பிச் சொல்வாள். "பாக்கான்லேர்ந்து கிளம்பணும். முதல்ல காமைங்." "காமைங்." "சந்தையில நிக்கக் கூடாது. வேடிக்கை பாத்தா அங்கயே இருட்டிடும்." "நிக்கக் கூடாது." "அடுத்து மோகாங். ரயில் நிக்கும். ஏறக் கூடாது, தெற்க கொண்டுபோயிடும்." அம்மா சிரித்தாள், அப்பா போனதற்கப்புறம் நான் கேட்காத சிரிப்பு. "ரயில்னா உசிராச்சே" என்றாள். யாருக்கு? அம்மாவுக்கா ரயில் ஆசை? எனக்குத் தெரிந்து அவள் ரயில் ஏறியதே இல்லை. "அப்புறம் இந்த ஊரு. வீட்டுக்குள்ள வரக் கூடாது, வாசலோட போயிடணும்." இதைக் கேட்டபோது என் கையில் சோற்றுப்பானை இருந்தது, கரி முழுக்க பாவாடையில் ஒட்டியதுகூடத் தெரியவில்லை. வாசலோடு. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல். பாக்கானுக்குப் போய் அப்பா புதைந்த இடத்தில் பேருக்கு ஒரு பூவைப் போட்டுவிட்டு, அப்படியே வடக்கே, சித்தப்பாவின் சனங்கள் இருக்கிற மலைக்கு. நான் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பேன். "ரெண்டு ஆறு சேர்ற இடத்துலதான் எல்லாரும் தப்பு பண்றது அண்ணி. வலது பக்கத்து ஆத்தோட போனா மேல வழியே இல்ல. இடது பக்கம். மலி ஆறு. இடது." "இடது" என்றாள் அம்மா. பிறகு ஊர்கள், ஊர்கள், சும்ப்ராபூம், மச்சான்போ, புதாவோ, எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் பர்மியப் பாட்டு ஒன்றைக்கூட ஒழுங்காக ஒப்பிக்காதவள் நான். கடைசியில் சித்தப்பா சொன்னார்: "போறது பெரிசில்ல அண்ணி. திரும்பறதுதான். வந்த வழியே ஒவ்வொரு ஊரா வந்து, வாசல், அடுப்பு வரைக்கும் வந்து சேரணும். இல்லன்னா அங்கயே நின்னுடுவீங்க." அதற்கு அம்மா: "நின்னுட்டா என்ன இப்ப. ரோய் பெரியவளாயிட்டா."

பெரியவளாயிட்டா. இந்த ஒரு வார்த்தை பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி. பாட்டு முடிந்து உட்கார்கிறோம், பெஞ்சு கிரீச்சிடுகிறது, எனக்கு அதே வார்த்தை. நான் பெரியவள் என்றால் யாரைக் கேட்டு? மூன்றாவது பெண் என்றால் ரோய், எங்களில் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை, பிறந்த வரிசைதான் பெயர். முதலாவது பிறந்தவுடன் போய்விட்டது. இரண்டாவது, லு அக்கா, எல்லை தாண்டிச் சீனப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று, போன் பண்ணினால் பக்கத்தில் மாமியார் நிற்கிற மாதிரியே பேசுவாள். மிச்சம் நான். பத்தாவதோடு நிறுத்தினேன், பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது ஒரு காரணம், திறந்த பிறகும் போகப் பிடிக்கவில்லை என்பது உண்மையான காரணம். பிடிக்காததைப் பிடிக்கும் என்று சொல்ல எனக்கு வராது. அதனால்தான் அம்மாவிடம் நேராகவே கேட்டேன், ஒளித்துவைத்துக்கொண்டு இருமவில்லை. "சித்தப்பாவோட போறியா?" அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எங்க போறேன்னு உனக்கெதுக்கு? ஸ்கூலுக்கே போகாத மகாராணி." "போறியா இல்லையா?" "போய்ட்டு வந்துடுவேன்" என்றாள். இல்லை என்று சொல்லவில்லை. கவனியுங்கள், இல்லை என்று சொல்லவில்லை. நீண்ட ஜெபம் முடிந்ததும் சாட்சி நேரம் வரும், ஆண்டவர் எனக்கு இதைச் செய்தார் அதைச் செய்தார் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். நான் எழுந்திருக்கப் போகிறேன். தீர்மானித்துவிட்டேன். "எங்க அம்மா இன்னிக்கு ஓடப் போறா, அந்தக் கதவுகிட்ட செருப்போட உக்காந்திருக்காரே அவரோட" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். தலைவிப் பதவி போகும். போகட்டும். அவமானத்தில் ஆள் வீட்டோடு இருப்பாள் இல்லையா? அவமானப்பட்டாலும் வீட்டில் இருக்கிற அம்மா, கௌரவமாக ஓடிப்போன அம்மாவைவிட எனக்குத் தேவலாம். இது கெட்ட யோசனை என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தே யோசிக்கிறேன்.

போதகர் பிரசங்கம் பண்ணுகிறார். இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்கிறார். ஒரு காலை சர்ச்சிலும் ஒரு காலை ஆவிகளின் வாசலிலும் வைத்திருக்கிறவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள் என்கிறார், கண் அம்மாவிடம் போகிறதா? போகிறது. இல்லை, மின்விசிறியைப் பார்க்கிறார். போன வருஷம் ஒரு வீட்டில் கோழி அறுத்துப் படைத்தார்கள் என்று அந்த வீட்டம்மாவைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள், அவள் இப்போது சர்ச் பாதை வழியாகக்கூட நடப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறாள். அவளுடைய பையன் குண்டு பட்டுச் செத்தான். அப்படிச் சாகிறவர்களை வழியனுப்பாமல் விட்டால் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார்கள் என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். தும்சா என்று ஒரு பூசாரி இருப்பாராம், செத்தவரை எழுப்பி ஊர் ஊராகப் பெயர் சொல்லி, நாங்கள் எல்லாம் முதன்முதலில் எங்கிருந்து இறங்கி வந்தோமோ அந்த வடக்கு மலைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாராம். நான் பார்த்ததில்லை. எங்கள் பேட்டையில் தும்சாவே கிடையாது. இருந்த ஒருவரும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு இந்த சர்ச்சில் மணி அடிக்கிறார், அதோ, தூணுக்குப் பக்கத்தில் தூங்கிவழிகிறார். யாராவது கேட்டால் "எல்லாம் மறந்துபோச்சு, ஆண்டவர் கழுவி விட்டுட்டார்" என்று சிரிப்பார். எனக்கு இதெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா வாசல் மூலையில் ஒரு பிடி சோறு வைக்கிறாள். கேட்டால் "பூனைக்கு" என்கிறாள். எங்களிடம் பூனை இல்லை. ஒரு நாள் மத்தியானம் நான் மட்டும் வீட்டில், தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்து கீழே கிடந்தது, நான் திறக்கவில்லை. அப்பாதான் எப்போதும் மூடியைத் திறந்து தண்ணீர் மொண்டு, மூடாமல் போவார். அம்மா திட்டுவாள். அந்த மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்றாக இருக்கும். தகர மூடி, காற்றுக்குப் பறக்காது. சித்தப்பாவாக இருக்கும். ஆமாம், சித்தப்பா. எல்லாவற்றுக்கும் சித்தப்பாவைச் சொல்லிவிட்டால் நிம்மதி, இதையும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

"இப்போது நம் சகோதரி ஜா செங் அனைவருக்காகவும் ஜெபிப்பார்" என்கிறார் போதகர். அம்மா எழுந்து போகிறாள். தோளில் நெய்த பை. ஜெபத்துக்கு எதற்குப் பை? பைபிளைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டாள், பையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். எல்லோரும் கண்ணை மூடுகிறார்கள், நான் மூடவில்லை. ஜெபத்தில் கண் திறந்திருக்கிறவள் நான் ஒருத்தி, பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், இல்லை, இரண்டு பேர். சித்தப்பாவும் திறந்திருக்கிறார். அவருடைய உதடு அசைகிறது. அம்மா வலது கையைப் பைக்குள் விட்டு எதையோ பிடித்துக்கொண்டாள். "பரலோகப் பிதாவே" என்று தொடங்குகிறாள், குரல் சாதாரணமாக இருக்கிறது, சந்தையில் கீரை கேட்கிற குரல். சண்டையில் ஊரை விட்டு ஓடியவர்களுக்காக, முகாமில் இருப்பவர்களுக்காக, எப்போதும் சொல்வதுதான், வாராவாரம் யாராவது பத்து ஊர் பெயர் சொல்லுவார்கள். "பாக்கான்ல மண்ணுக்கடியில இருக்கிறவங்கள நினைச்சருளும். அவங்கள கையப் பிடிச்சு எழுப்பியருளும்." நாங் பான் மூக்கை உறிஞ்சுகிறாள், எங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டிருப்பாள். "காமைங்ல இருக்கிறவங்கள நினைச்சருளும். சந்தையில நின்னுடாதபடிக்கு, நேரத்தோட நடக்கும்படிக்கு." எனக்குக் காது சூடாகிறது. இது சமையல் கொட்டகைப் பேச்சு. அவருக்குச் சைகை காட்டுகிறாளா? எல்லோர் முன்னாலும், ஜெபத்துக்குள்ளேயே வைத்து, கிளம்பலாம் என்று? இவ்வளவு தைரியமா? "மோகாங்ல இருக்கிறவங்கள நினைச்சருளும் ஆண்டவரே. ரயில் மேல ஆசையுள்ளவங்கள ரயில் ஏறவிடாம காத்தருளும்." ஆண்கள் பக்கம் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். ரயில் மேல் ஆசையுள்ளவங்க. ஒருமுறை மோகாங்குக்கு எருமை வாங்கப் போனபோது அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் நின்றார், எருமை வாங்காமல் ரயில் பார்த்துவிட்டு வந்தோம், அம்மா இரண்டு நாள் பேசவில்லை. ஆசை அம்மாவுக்கில்லை. ஆசை அப்பாவுக்கு. "இந்த ஊர்ல இருக்கிறவங்கள நினைச்சருளும். தாகமா இருந்தா தொட்டியில தண்ணி குடிச்சிட்டு, உள்ள வராம, பிள்ளையப் பாத்து நின்னுடாம, வாசலோட போகப் பண்ணும்." இந்த இடத்தில் அம்மாவின் குரல் கீழே விழுந்து, உடனே எழுந்துவிட்டது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். "ரெண்டு ஆறு சேர்ற இடத்துல இருக்கிறவங்கள நினைச்சருளும். மலி ஆத்தோட, இடது பக்கமா." நிறுத்துகிறாள். "இடது பக்கமா" என்று இன்னொரு தரம், கெஞ்சுகிறாள், போன வாரம் கெஞ்சியது போல.

இடது பக்கத்துக்காக யார் ஜெபம் பண்ணுவார்கள்? ஊருக்காகப் பண்ணுவார்கள், ஆட்களுக்காகப் பண்ணுவார்கள், எந்த ஆண்டவருக்கு இடது வலது சொல்லவேண்டும்? வழி தெரியாதவனுக்குத்தான் சொல்லவேண்டும். வழி தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறவனுக்கு. அம்மாவின் பைக்குள்ளிருந்து துணியின் ஓரம் வெளியே வந்திருக்கிறது, கை இறுக்கிப் பிடித்ததில் பிதுங்கிக்கொண்டு. பச்சை. பச்சையும் ஊதாவும். பூச்சி அரிக்கவில்லை. சித்தப்பாவுக்குப் போகவில்லை. அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஓடவில்லை, கொண்டுபோய் விடுகிறாள். தும்சா இல்லாத ஊரில், கோழி அறுத்தால் பெயரை அடித்துவிடுகிற சர்ச்சில், அந்த சர்ச்சின் நடுவிலேயே நின்று, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு "ஆம் ஆண்டவரே" சொல்லச் சொல்ல. சித்தப்பாவின் செருப்பு. அவரும் கூட நடக்கிறார். இருக்கிற இடத்திலேயே. எனக்குச் சிரிப்பு வருகிறது, இத்தனை நாள் நான் எதைக் கேட்டேன் எதை நினைத்தேன். "சும்ப்ராபூம்ல இருக்கிறவங்கள நினைச்சருளும். முழங்கால் வலிக்கிறவங்களுக்கு மலையேறப் பலம் தாரும்." அப்பாவுக்கு இடது முழங்கால். "மச்சான்போ. புதாவோ." இப்போது நினைச்சருளும் கூட இல்லை, வெறும் ஊர்ப் பெயர், மூச்சு வாங்குகிறாள், நிஜமாகவே ஏறுகிறவள் மாதிரி. மணி அடிக்கிறவர் விழித்துக்கொண்டார். தூணைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கிறார். போதகரின் ஒரு கண் திறந்திருக்கிறது, திறந்துதான் இருக்கிறது, நான் பார்த்தேன். "மஜோய் மலையில, முதல்லேர்ந்து இருக்கிற எங்க பெரியவங்ககிட்ட சேர்த்தருளும்" என்கிறாள் அம்மா. தும்சா கொண்டுபோய் விடுகிற மலை, அங்கே முகாம் கிடையாது, ஊர் கிடையாது, அது எந்த வரைபடத்திலும் இல்லை. "இதோ வந்துட்டாங்க" என்கிறாள். "வந்துட்டாரு."

அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. ஆமென் சொல்லவில்லை. எல்லோரும் காத்திருக்கிறார்கள். மின்விசிறி டக் டக்கென்று சுற்றுகிறது. நாங் பான் ஒரு கண்ணைத் திறந்து "முடிஞ்சுதா?" என்கிறாள். முடியவில்லை. எனக்குத் தெரியும், எனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் தெரியும், முடியவில்லை. போறது பெரிசில்ல அண்ணி, திரும்பறதுதான். அம்மாவின் முகத்தைப் பார்க்கிறேன். இப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பது எனக்குத் தெரியாது, சாமான் தூக்கிவந்து இறக்கி வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்த முகம். அவள் அங்கே நிற்கிறாள். அவரோடு நிற்கிறாள். நின்னுட்டா என்ன இப்ப. ரோய் பெரியவளாயிட்டா. சித்தப்பாவைத் திரும்பிப் பார்க்கிறேன், அவர் பாதி எழுந்து நிற்கிறார், வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை, ஞானஸ்நானம் வாங்காதவர் இந்தக் கூரைக்குக் கீழே என்ன சொல்லிக் கூப்பிடுவார், கூப்பிட்டால் அம்மா மாட்டிக்கொள்வாள். கழுத்து வியர்த்து ஒழுகுகிறது அவருக்கு. போதகரின் இன்னொரு கண்ணும் திறக்கிறது. நான் நம்புகிறேனா இதை? தெரியாது. நம்பாவிட்டால் எதற்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்கிறது? தும்சா இல்லை, தேவதூதன் இல்லை, மலை இல்லை, சரி, அம்மா அங்கே இல்லை, இது கண்ணால் பார்க்கிற விஷயம், நிற்கிறாள் ஆனால் இல்லை. நான் எழுந்துவிட்டேன். பெஞ்சு பெரிதாகக் கிரீச்சிட்டது.

"ஆண்டவரே" என்கிறேன். என் குரல் பன்றி விரட்டுகிற குரல், எனக்கு ஜெபக் குரல் கிடையாது. "மஜோய் மலையிலேர்ந்து திரும்பி வர வேண்டியவங்களையும் நினைச்சருளும். அங்கயே நிக்கறவங்கள. நின்னது போதும்னு சொல்லும்." யாரோ "ஆம் ஆண்டவரே" என்றார்கள் பழக்கத்தில். "புதாவோ. மச்சான்போ. சும்ப்ராபூம். இறக்கம்தான், சீக்கிரம் வரலாம். மலி ஆறு. ரெண்டு ஆறு சேர்ற இடம். பாக்கான் பக்கம் திரும்பிப் பாக்க வேணாம், அங்க இப்ப யாரும் இல்ல. இந்த ஊரு. நம்ம பேட்டை. நாங் பான் அக்கா மீன் கழுவின தண்ணிய ஊத்துற முக்கு." நாங் பான் "ஏய்!" என்றாள். "நம்ம வாசல். தண்ணித் தொட்டி. பூனைக்குச் சோறு வைக்கிற மூலை, அங்க இனிமே சோறு வைக்க வேணாம். அடுப்பு. அடுப்புல காலையில நான் வெச்ச பருப்பு இருக்கு, உப்புப் போட்டனான்னு ஞாபகம் இல்ல, வந்து பாத்தாத்தான் தெரியும். நான் பெரியவ ஆகல ஆண்டவரே. இன்னும் ஆகல. இத அவங்களுக்குச் சொல்லும். இதான்." காத்திருந்தேன். அம்மாவின் கை பைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது, வெறும் கை. தூக்கத்திலிருந்து எழுந்தவள் மாதிரி எல்லோரையும் பார்த்தாள், கடைசியில் என்னை. "ஆமென்" என்றாள்.

அடுத்த ஆமென் தூணுக்குப் பக்கத்திலிருந்து வந்தது, மணி அடிக்கிறவர், அப்படி ஒரு சத்தத்தில் அவர் ஆமென் சொல்லி யாரும் கேட்டதில்லை, அதற்கப்புறம்தான் மற்ற எல்லோரும். எல்லாம் மறந்துபோச்சாம். பொய்யர். போதகர் எழுந்து வந்து மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்க்கிறார், அம்மாவைப் பார்க்கிறார், அம்மாவின் பையைப் பார்க்கிறார். கைலியின் ஓரம் இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது. "நம்ம ரோய் இன்னிக்கு முதல் தடவையா வாய் திறந்து ஜெபம் பண்ணியிருக்கா" என்கிறார். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." தெரியுமா இவருக்கு? தெரியாதா? தெரிந்தும் விடுகிறாரா, இல்லை நாளைக்குக் கூப்பிட்டு விசாரிப்பாரா? அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை, இவரை நான் நம்பமாட்டேன், ஆனால் அவருடைய அப்பாவுக்கும் உடல் கிடைக்கவில்லை என்று எப்போதோ யாரோ சொன்னது இப்போது பார்த்து ஞாபகம் வருகிறது. "சாட்சி சொல்ல யாராவது?" என்று கேட்கிறார். நான் உட்கார்ந்துவிட்டேன். நாங் பான் என் தொடையைக் கிள்ளுகிறாள், "மீன் தண்ணிய ஏன்டி ஆண்டவர்கிட்ட சொன்ன?" பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். சித்தப்பா குனிந்து செருப்பின் பின்வாரை அவிழ்க்கிறார். ஒன்று. இன்னொன்று. இரண்டையும் பெஞ்சுக்குக் கீழே தள்ளிவிட்டு, வெறுங்காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்கிறார். அம்மா முன் பெஞ்சுக்குப் போகவில்லை. நேராக வந்து எங்கள் பெஞ்சில், நாங் பானை நகர்த்தி, என் பக்கத்தில் உட்கார்கிறாள். மூச்சு இன்னும் வாங்குகிறது. வியர்வை நாற்றம் அடிக்கிறது, நல்ல நாற்றம். அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்திருக்கிறபோது என் காதுக்குப் பக்கத்தில் குனிகிறாள்.

"தண்ணித் தொட்டின்னு சொன்னியே, வரும்போது மூடிட்டு வந்தியா?"

"இல்ல."

"கொசு வரும்டி" என்கிறாள் அம்மா.